அப்பாயியின் சுரைக்குடுக்கை

2024 தை மாதம், துறையூர் பக்கத்தில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்தார்கள். அடுப்படிப் பரணிலிருந்து சித்தப்பா ஒரு சுரைக்குடுக்கையை இறக்கி என் கையில் கொடுத்தார். புகையேறிக் கன்னங்கரேலென்று இருந்தது. கழுத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டியிருந்தது. குலுக்கினால் உள்ளே கலகலவென்றது.

"அம்மா விதைக்கு விட்ட கடைசிக் காய் இது. அதற்குப் பிறகு யார் போட்டார்கள்?" என்றார்.

அப்பாயி 2009-இல் இறந்தார். முந்தைய ஆண்டுக் காய் என்று வைத்தால், விதைக்கு வயது 16. குறுகிய கழுத்தும் உருண்ட அடிவயிறுமாக இருக்கும் அந்தச் சுரையை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை. சந்தைக்கு வருவதெல்லாம் நீளக்காய்தான். எங்கள் கொல்லையிலும் அப்பாயிக்குப் பிறகு பாக்கெட் விதைதான் ஊன்றினோம். விதை கண்ணெதிரே பரணில் தொங்கிக்கொண்டிருந்தது, எடுத்துப் போட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

திருச்சிக்கு எடுத்து வந்து அடிப்பக்கத்தில் சிறு துளை போட்டுத் தட்டினேன். 63 விதைகள் விழுந்தன. ஒன்றில்கூடப் பூச்சி இல்லை. சுரை ஓடு சாமானியமானதன்று. கடல் நீரில் பல மாதங்கள் மிதக்க விட்ட காயிலிருந்து எடுத்த விதைகள்கூட முளைத்ததை 1950-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் இறங்கினேன்.

முதலில் 15 விதைகள். வழக்கம்போல் இரவு முழுக்க ஊறப்போட்டு ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். ஐந்தாம் நாள் அவிழ்த்தால் அத்தனையிலும் சாம்பல் பூஞ்சணம். ஒன்றைப் பிளந்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய பருப்பு பழுப்பேறி, பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடித்தது. சுரை, பூசணி விதைகளில் எண்ணெய் அதிகம். நாள்பட அது கெடும்போது உள்ளிருக்கும் உயிரும் கெடுகிறது. பரணில் ஈரம் இல்லாதது நல்லதுதான், ஆனால் அடுப்புச் சூடு 16 ஆண்டுகளாக ஏறியிருக்கிறது. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்று விதை சேமிப்பில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. எங்கள் விதைக்கு முதல் பாதி மட்டும் வாய்த்திருந்தது.

விதை ஆராய்ச்சியில் இருக்கும் என் கல்லூரித் தோழியிடம் கேட்டேன். "காய்ந்து கிடந்த விதையைத் திடீரென்று தண்ணீரில் போட்டால், அது வேகமாக உறிஞ்சும்போது உள்ளே செல்சவ்வுகள் கிழிந்துவிடும். முதலில் ஈரக்காற்றைக் காட்டு" என்றாள். மூடிய டப்பாவின் அடியில் தண்ணீர், மேலே டீ வடிகட்டி, அதில் 20 விதைகள் என்று இரண்டு நாள் வைத்தேன். பிறகு நகவெட்டியால் ஓட்டின் ஓரத்தை மட்டும் கீறினேன். கூர்ப்பக்கத்தில்தான் முளைவேர் இருக்கிறது, அங்கே கை வைக்கவில்லை. துணியில் முடிந்து இன்வெர்ட்டர் மேல் வைத்தேன், அங்கே எப்போதும் இளஞ்சூடு இருக்கும். எட்டாம் நாள் ஒன்றில் அரிசி முனை அளவுக்கு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அன்று அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. மறுநாளே முனை கறுத்து நின்றுவிட்டது.

அந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டது இஸ்ரேலின் பேரீச்சையைத்தான். மசாடா கோட்டையில் 1960-களில் தோண்டியெடுத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைய விதையை, வெந்நீரிலும், முளைப்பைத் தூண்டும் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியிலும் ஊறவைத்து 2005-இல் ஊன்றி முளைக்கவைத்தார்கள். மெத்தூசலா என்று பெயரிட்டார்கள். ஆனால் அது ஆண் மரம். வேறு பழைய விதைகளிலிருந்து பெண் மரம் வளர்ந்து, 2020-இல்தான் பழம் கிடைத்தது. சுரையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் வரும். எனக்கு ஒரே ஒரு விதை முளைத்தால் போதும்.

மூன்றாம் முறை 25 விதைகள். ஈரக்காற்று, கீறல் எல்லாம் முன்பு போலவே. கூடவே ஜிப்ரலிக் அமிலத்தை மிகக் குறைந்த அளவில் கரைத்து ஊறவைத்தேன். பதினொன்றாம் நாள் இரண்டில் வேர் வந்தது. ஒன்று மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. மற்றது விதையோட்டைத் தொப்பிபோல் மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கழற்ற வலுவில்லாமல் தலை தொங்கி நின்றது. தூரிகையால் சொட்டுச் சொட்டாக நீர் வைத்து, ஓடு ஊறிய பிறகு, ஊசிமுனையால் நெம்பினேன். விதையிலை இரண்டில் ஒன்று பாதி கருகியிருந்தது. ஒன்பது நாள் அப்படியே நின்றது. பத்தாம் நாள் நடுவில் மெத்தென்ற மயிரோடு அசல் இலை வந்தது. ஆடி பிறந்திருந்த நேரம். அப்பாயி சுரை ஊன்றுவதும் ஆடியில்தான்.

புரட்டாசியில் பூத்தது. முதலில் வந்தவை எல்லாம் ஆண் பூக்கள். பிறகு ஒரு நாள் மொட்டின் கீழே என் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிஞ்சு தெரிந்தது. மேலே மெழுகியதுபோல் வெள்ளைப் பூனைமயிர். கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். அந்த அளவிலேயே கழுத்து குறுகி, வயிறு உருண்டு இருந்தது. அலமாரியிலிருந்து பழைய குடுக்கையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அச்சு அதேதான். மொட்டை மாடியில் நின்று அழுதேன்.

சுரைப்பூ மாலையில்தான் விரியும். இருட்டும் நேரத்தில் அந்துப்பூச்சிகள் வரும். எதிர்வீட்டு மாடியில் கடை விதையில் வளர்த்த நீளச்சுரை இருந்ததால், மகரந்தம் கலந்துவிடும் என்ற பயம். நான்கு மணிக்கே விரியவிருக்கும் மொட்டுகளை நூலால் கட்டிவிட்டு, ஏழு மணிக்கு அவிழ்த்து, ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளி எறிந்து, பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடியும் கட்டினேன். மூன்று பிஞ்சுகள் நின்றன. ஒன்றை இளசாகப் பறித்து, அப்பாயி செய்வதுபோலவே காம்போரம் ஒரு துண்டு கிள்ளி நாக்கில் வைத்தேன். கசக்கும் சுரைக்காய் நஞ்சு. அந்தக் கொடியின் விதையையும் அவர் எடுத்து வைக்க மாட்டார். கசக்கவில்லை. அன்று பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தேன்.

மற்ற இரண்டையும் ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ப்பாய் கட்டிக் காப்பாற்றினேன். மார்கழியில் கொடி காய்ந்தது. நகம் இறங்காத அளவுக்கு ஓடு முற்றிய பிறகு அறுத்து, நிழலில் தொங்கவிட்டேன். தையில் ஒன்றை வெட்டி எண்ணியபோது 200 விதைகளுக்கு மேல் இருந்தன. ஒரு கொடியின் வித்து என்பதால் எல்லாம் ஒரே வம்சம்தான். வேறு வீடுகளில் இந்தக் குண்டுச்சுரை மிச்சமிருந்தால் அதையும் சேர்க்க ஆசை. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். இப்போதைக்குப் பத்துப் பத்தாக முடிந்து, ஊரில் ஏழு வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு காயை வெட்டாமல் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். புது வீட்டில் பரண் இல்லை. கொஞ்ச நேரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சாமி அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

"ஆடியில் இதை நானே ஊன்றுகிறேன் அம்மா" என்றார்.