ஒரு காருக்கு ஆறு மாதம்

கேம்களுக்கு கார் மாடல் செய்வது என் வேலை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எப்படியும் பாலிஃபனி டிஜிட்டலில் வந்து நிற்கும். 'கிரான் டுரிஸ்மோ' என்ற கார் பந்தய கேம் வரிசையை உருவாக்கிய ஜப்பானிய ஸ்டுடியோ அது.

கசுனோரி யமவுச்சியும் அவரது சிறிய குழுவும் சோனிக்காக முதலில் செய்தது 'மோட்டார் டூன் கிராண்ட் பிரீ' என்ற கார்ட்டூன் பந்தயம். நிஜக் கார்களை வைத்து அவர்கள் ஆசைப்பட்ட ஆட்டத்துக்கு ஐந்து வருடம் பிடித்தது. 1997 டிசம்பரில் 'கிரான் டுரிஸ்மோ' என்ற பெயரில் வெளியான அது ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1998 ஏப்ரலில் அந்தக் குழு பாலிஃபனி டிஜிட்டல் ஆனது.

அந்த முதல் 'கிரான் டுரிஸ்மோ'வில் ஒரு காருக்குச் சுமார் 300 பாலிகன்தான், அதாவது மாடலின் பரப்பை உருவாக்கும் சின்னத் தட்டையான துண்டுகள். முகப்பு விளக்கு என்பது பாடியின் மேல் ஒட்டிய படம், அவ்வளவே. ஒரு காரை ஒரே நாளில் முடித்துவிடுவார்களாம். பிளேஸ்டேஷன் 2 வந்தபோது 4000 பாலிகன், ஒரு மாதம். பிளேஸ்டேஷன் 3-இல் 2 லட்சத்தைத் தொட்டது. ஒரு காருக்கு ஆறு மாதம் ஆகிறது என்றார் யமவுச்சி.

வெளியில் இருப்பவர்களுக்கு இது அதிகமாகத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை. முகப்பு விளக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக் கண்ணாடி, அதன் தடிமன், உள்ளே ரிஃப்ளெக்டர், பல்பு என்று எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அப்புறம் பாடி. மாடலின் மேல் கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஓடவிட்டுப் பார்ப்போம். கதவும் ஃபெண்டரும் (சக்கரத்தை மூடும் பாடிப் பகுதி) சேரும் இடத்தில் கோடு லேசாக ஒடிந்தாலும் போச்சு, ஆட்டத்தில் வெயில் படும்போது அந்த இடம் நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு புள்ளியை நகர்த்திச் சரிசெய்தால் பக்கத்தில் இன்னோர் இடம் கெடும். நாள் முழுக்க அந்த ஒரு ஃபெண்டரிலேயே போய்விடும்.

2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் 1000-க்கும் மேற்பட்ட கார்கள். ஆனால் இந்த உழைப்போடு புதிதாகச் செய்தவை சுமார் 200-தான். மற்றவை பிளேஸ்டேஷன் 2 காலத்து மாடல்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது வித்தியாசம் கண்ணை உறுத்தியது. 2017-இல் 'கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட்' வந்தபோது அந்தப் பழைய மாடல்கள் ஒன்றுகூட இல்லை. ஆயிரம் கார் இருந்த இடத்தில் சுமார் 160. ரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். அந்த ஸ்டுடியோவின் வரலாற்றிலேயே துணிச்சலான முடிவு அதுதான் என்பேன். பலரின் உழைப்பில் சேர்ந்த மாடல்களை வேண்டாம் என்று ஒதுக்க எவ்வளவு மனவலிமை வேண்டும் என்பது, ஒரு பழைய ஃபைலை அழிக்கவே கை வராத எங்களுக்குத் தெரியும்.

எங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது வாரக்கணக்குதான். நேரத்தை நீட்ட முடியாது என்று வாடிக்கையாளர் சொன்னால், சரி, கார்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாமா என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.