இன்டர்னல் வாரத்தில் இரண்டு மியூசியம்

மூன்றாம் செமஸ்டரில் எங்களுக்கு வந்த அசைன்மென்ட் காதில் விழும்போது சுலபமாகத்தான் இருந்தது. சென்னையில் இரண்டு அருங்காட்சியகங்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எங்கே கிடைத்தது, எதனால் ஆனது, எந்தக் காலம், எப்படி மியூசியத்துக்கு வந்தது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று எழுத வேண்டும். கூடவே கையால் வரைந்த படம். போட்டோ ஒட்டினால் மார்க் கிடையாது. கெடு அடுத்த திங்கள். வியாழக்கிழமை இன்டர்னல் பரீட்சை.

பி.ஏ. வரலாறு படிக்கும் ஜூனியர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முதலில் கிழமையைப் பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகம், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் கோட்டை அருங்காட்சியகம் இரண்டுக்குமே வெள்ளிக்கிழமை விடுமுறை. பரீட்சை முடிந்த மறுநாள் ஹாயாகப் போகலாம் என்று வகுப்பில் பாதிப்பேர் போட்ட திட்டம் அங்கேயே அடிபட்டுப் போனது. ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) வாங்கினால் வருகைப்பதிவு போகாது, ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் ஒரு மியூசியத்தையே சுற்றி வந்துவிடலாம். எங்களுக்குக் காலை ஷிப்ட். மதியம் வகுப்பு விட்டதும் நேராக எழும்பூர் போனால், ஐந்து மணிக்கு மூடும்வரை நேரம் இருக்கிறது. செவ்வாயும் புதனும் அப்படியே போயின. ரயிலில் இன்டர்னலுக்கான நோட்ஸ்.

எழும்பூரில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் எதையும் பார்க்க முடியாது. 1851இல் தொடங்கிய இடம். ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள், அமராவதிச் சிற்பங்கள், திமிங்கில எலும்புக்கூடு என்று ஒவ்வொன்றும் ஒரு நாளை விழுங்கும். ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த கற்கருவிகளும் இங்கேதான் இருக்கின்றன. 1863இல் பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கல்லிலிருந்துதான் இந்தியாவின் கற்கால ஆய்வே தொடங்குகிறது. நான் தினமும் ரயில் ஏறும் ஊர் அது. அதைப் பற்றியே எழுதியிருக்கலாம், ஆனால் என் கைக்குக் கல்லின் விளிம்புகளை வரைய வராது.

ஆகவே வெண்கலக் கூடம். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர், 11ஆம் நூற்றாண்டு, சோழர் காலம். பாடப்புத்தகத்தில் பலமுறை பார்த்த படம்தான். பென்சிலை எடுத்து உட்கார்ந்த பிறகுதான் கைகளை எண்ணினேன்: மூன்று. சிவன் பக்கம் இரண்டு, பார்வதி பக்கம் ஒன்று. சிவன் பாதியில் ஆடை தொடையோடு நின்றுவிடுகிறது, அம்மை பாதியில் கணுக்கால்வரை இறங்குகிறது. இடுப்பில்தான் பென்சில் திணறியது. ஒரு பக்கம் கோடு நேராக இறங்க, மறுபக்கம் வெளியே வளைகிறது. ஆனாலும் இரண்டு உடம்பை ஒட்டியதுபோல் எங்கேயும் தெரியவில்லை. அழித்து அழித்துத் தாள் மெலிந்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்ற ஒரு பாட்டி, "கண்ணை வரைஞ்சிடாதேம்மா, கடைசியிலதான் கண்ணைத் திறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சரி என்று கண்ணைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

"எப்படி வந்தது" என்ற கேள்விக்குத்தான் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. திருவெண்காட்டுப் படிமங்கள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவை. இப்படிக் கிடைப்பவை 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியாக மியூசியத்துக்கு வந்து சேரும். எழும்பூர் வெண்கலங்களில் பல இந்த வழியாக வந்தவைதான். கோயிலில் இருந்தவரை உற்சவமூர்த்திகளாகத் தெருவில் உலா வந்தவை. கூடத்தில் மற்றப் படிமங்களின் பீடங்களைக் குனிந்து பார்த்தால் வளையங்களும் துளைகளும் தெரியும். தண்டு செருகித் தூக்கிக் கட்டுவதற்கானவை. என் தாளில் "நிலை" என்ற பகுதி இதனாலேயே நீண்டுவிட்டது.

வியாழன் பரீட்சை எப்படியோ முடிந்தது. வெள்ளி எழுதுவதற்கு, சனி கோட்டைக்கு. தலைமைச் செயலகம் இருக்கும் வளாகம் என்பதால் வாசலில் சோதனை உண்டு, கல்லூரி அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மியூசியக் கட்டடமே 1795ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கே நான் எடுத்தது ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் சிலை. தாமஸ் பேங்ஸ் லண்டனில் செதுக்கி, கப்பலில் சென்னைக்கு வந்த பளிங்கு. எல்லாரும் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விஷயம் பீடத்தில் இருக்கிறது. திப்பு சுல்தான் போரில் தோற்றுச் செய்துகொண்ட 1792 ஒப்பந்தத்தின்போது அவருடைய இரண்டு மகன்களைக் காரன்வாலிஸிடம் பணயமாக ஒப்படைக்கும் காட்சியை அதில் புடைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். சின்னப் பையன்கள். பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டதைப் பெருமையாகக் கல்லில் அடித்து வைக்க ஒரு தனி மனசு வேண்டும். அதனால் பீடத்தை மட்டுமே வரைந்தேன்.

திங்களன்று சார் இரண்டு தாளையும் புரட்டினார். "காரன்வாலிஸ் எங்கேம்மா?"

"பீடம் மட்டும்தான் சார்."

கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "பையன்கள் பெயரை எழுதலையே" என்றார். அப்துல் காலிக், முய்சுதீன் என்று அங்கேயே நின்றபடி ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடினேன்.