ஃபஸல் டாக்டரும் அவருடைய அக்காவும்

எங்கள் ஊரில், விருதுநகர் பக்கம், தெருவில் புது முகம் ஒன்று தெரிந்தால் அது நாலு வீடு தாண்டுவதற்குள் "யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?" என்று கேட்டுவிடுவார்கள். பதில் சொல்லச் சொல்ல, அந்த வீட்டில் கொடுத்தது, எடுத்தது, கோபத்தில் பேச்சு நின்றுபோனது எல்லாம் வெளியே வந்து, பத்து நிமிடத்தில் வந்த ஆள் யாரோ ஒருவருக்கு மதினியாகவோ மருமகனாகவோ ஆகியிருப்பார். பென்சில்வேனியாவில் செஸ்டர் கவுண்டிக்கு, எக்ஸ்டன் என்கிற இந்த ஊருக்கு வந்தபோது அப்படி ஒருத்தரும் கேட்கவில்லை. சிரிப்பார்கள், குளிர் அதிகம் என்பார்கள், போய்விடுவார்கள். வீட்டுக்காரருக்கு ஆபீஸ் இருந்தது. எனக்கு எச்4 விசா, அதாவது வேலை விசாவில் வந்தவரின் மனைவி என்று கிடைத்த விசா, வேலைக்குப் போக எனக்கு அப்போது அனுமதி இல்லை, கார் ஓட்டவும் தெரியாது. குளிர்காலத்தில் போக்கிடம் என்று இருந்தது நூலகம் ஒன்றுதான். அங்கே ஹீட்டரும் நன்றாக இருக்கும்.

நூலகத்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு உதவ வயதானவர்கள் சிலர் வந்து உட்கார்வார்கள். அதில் ஒரு அம்மா, எண்பது தாண்டியவர், குவேக்கர் என்கிற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். "எந்தக் குடும்பத்தைத் தேடுகிறாய்?" என்று கேட்டார். ஆஹா, கடைசியில் ஒருத்தர் கேட்டுவிட்டார் என்று இருந்தது. எனக்கு இங்கே குடும்பம் ஏதும் இல்லையே என்றேன். அதனால் என்ன, எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றைத் தருகிறேன், பழகிக்கொள் என்றார். அப்படி என் கைக்கு வந்தவர்தான் டாக்டர் பார்த்தலோமியு ஃபஸல். 1794-ல் பிறந்து 1871-ல் இறந்த கிராமத்து டாக்டர், குவேக்கர், கென்னட் ஸ்கொயர் பக்கத்தில் வைத்தியம் பார்த்தவர்.

கென்னட் ஸ்கொயர் எங்களிடமிருந்து தெற்கே இருக்கிறது. இன்று அந்த ஊருக்குக் காளான்தான் பெயர். காளான் வளர்க்கக் குதிரைச் சாணமும் வைக்கோலும் கலந்து உரம் போடுவார்கள், காற்று திரும்பினால் கார் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டியதுதான். அந்தக் காளான் தொழிலைத் தொடங்கியவர்களும் குவேக்கர்கள்தான் என்பார்கள். பக்கத்தில் லாங்வுட் தோட்டம், நம் ஆட்கள் வார இறுதியில் குடும்பத்தோடு போய்ப் போட்டோ எடுக்கும் இடம். அதுவும் பியர்ஸ் என்கிற குவேக்கர் குடும்பத்தின் பண்ணையாக இருந்ததுதான், 1906-ல் டூபான்ட் என்ற தொழிலதிபர் வாங்கினார். எங்கே தோண்டினாலும் இந்தச் சபைக்காரர்கள் தட்டுப்படுகிறார்கள்.

தேடுவது எப்படி என்று அந்த அம்மா சொல்லிக்கொடுத்தார். முதலில் மக்கள்தொகைக் கணக்கு. இங்கே 1850-க்கு முந்தைய கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று வெறும் எண். 1850-லிருந்துதான் வீட்டில் இருந்த, அடிமைகள் அல்லாத எல்லாருக்கும் பெயர் உண்டு. 1890-ஆம் வருடக் கணக்கு 1921-ல் நடந்த தீவிபத்தில் சேதமாகி, பிறகு பெரும்பாலும் அழிந்துபோய்விட்டது, அந்த இருபது வருட இடைவெளியில் எத்தனையோ குடும்பங்கள் நழுவிப் போய்விடுகின்றன. ஆனால் குவேக்கர்களைத் தேடுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அரசாங்கம் எழுதாததை எல்லாம் சபை எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மாதக் கூட்டம் ஒன்று உண்டு. பிறப்பு, இறப்பு, கல்யாணம், யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஊருக்குப் போனார், யாரைத் தள்ளிவைத்தார்கள், ஏன் தள்ளிவைத்தார்கள், எல்லாம் குறிப்பேட்டில் ஏறிவிடும். ஆண்கள் கூட்டத்துக்கு ஒரு ஏடு, பெண்கள் கூட்டத்துக்குத் தனி ஏடு. கல்யாணக் குறிப்பில் "இன்னாருக்கும் அவர் மனைவி இன்னாருக்கும் மகன்" என்று அம்மா பெயரும் இருக்கும். என் கொள்ளுப்பாட்டி பெயரை எங்கள் வீட்டில் இரண்டு பெரியப்பா, ஒரு அத்தை எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தாயிற்று, "ஆத்தா" என்பதைத் தாண்டி ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ஒருவர் ஊர் மாறினால், பழைய ஊர்க் கூட்டம் புது ஊர்க் கூட்டத்துக்குக் கடிதம் எழுதும். இவர் நல்ல நடத்தை உள்ளவர், கடன் வைத்துவிட்டு வரவில்லை, யாருக்கும் கல்யாண வாக்கு கொடுத்திருக்கவில்லை, இவரை உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கிறோம் என்று. புது ஊர்க் கூட்டத்தில் அதை உரக்க வாசித்துப் பதிவு செய்வார்கள். அதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். பாஸ்போர்ட், விசா என்று நான் எத்தனையோ காகிதத்தோடு வந்து இறங்கினேன், ஒன்றில்கூட "ஒப்படைக்கிறோம்" என்று எழுதியிருக்கவில்லை.

சிக்கலும் உண்டு. கிழமைக்கும் மாதத்துக்கும் வழக்கமான பெயரைச் சொல்ல மாட்டார்கள், அவை பழைய தெய்வங்களின் பெயர் என்று எண்ணைத்தான் எழுதுவார்கள். 1752-க்கு முன்னால் வருடம் மார்ச்சில் தொடங்கியதால், அப்போது பத்தாம் மாதம் என்றால் டிசம்பர், அதற்குப் பிறகு பத்தாம் மாதம் என்றால் அக்டோபர். டாக்டரின் தாத்தா காலத்துக்குப் போனால் இது தலைவலி. கையெழுத்து அதைவிடப் பெரிய தலைவலி. ஃபஸல் என்ற பெயருக்கு நடுவில் இரண்டு எஸ் வரும். அந்தக் கால வழக்கப்படி முதல் எஸ்ஸை நீட்டி எழுதினால் அது எஃப் மாதிரி தெரியும், இரண்டும் சேர்ந்தால் பி மாதிரி தெரியும். பிற்காலத்தில் கணினியில் ஏற்றியவர்கள் கண்ணுக்குத் தெரிந்தபடி ஏற்றிவிட்டார்கள். அதனால் பெயரைச் சரியாக அடித்தால் சில சமயம் ஒன்றும் வராது, தப்பாக அடித்தால் வந்து நிற்பார். அப்புறம் 1827-ல் சபையே இரண்டாகப் பிளந்துவிட்டது, ஹிக்ஸ் என்ற போதகரின் கட்சி ஒரு பக்கம், பழமைக் கட்சி மறுபக்கம். ஒருவரின் ஏடு ஸ்வார்த்மோர் கல்லூரியிலா ஹேவர்ஃபோர்ட் கல்லூரியிலா என்பது அவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கல்யாணச் சான்றிதழ். பாதிரியார் கிடையாது. மாப்பிள்ளையும் பெண்ணும் எழுந்து நின்று தாங்களே வாக்குக் கொடுப்பார்கள், பிறகு பெரிய தாளில் இருவரும் கையெழுத்துப் போட, வந்திருந்த அத்தனை பேரும் சாட்சியாகக் கீழே கையெழுத்துப் போடுவார்கள். பெரும்பாலும் வலது ஓரத்தில், தம்பதியின் பெயருக்கு நேர் கீழே இருப்பவர்கள் நெருங்கிய சொந்தம். பழைய தாள் ஒன்றை நான் பார்த்தபோது, அந்த ஓரத்தில் மை திட்டுத்திட்டாக விழுந்து, பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக, குழந்தை கையெழுத்து என்று பார்த்ததும் தெரிகிற ஒன்றும் இருந்தது. மொய் நோட்டை வாசிப்பது போலத்தான், எவ்வளவு என்கிற தொகை மட்டும் இல்லை. யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்கள், எந்தச் சித்தப்பா வரவேயில்லை என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

சரி, டாக்டர் கதைக்கு வருகிறேன். இளவயதில் மேரிலாந்துக்குப் போய்ப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டே வைத்தியம் படித்தார். அது அடிமை முறை இருந்த மாநிலம். ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்பின மக்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். திரும்பிவந்து கென்னட் பக்கம் வைத்தியம் ஆரம்பித்தவர், 1833-ல் பிலடெல்பியாவில் அமெரிக்க அடிமை எதிர்ப்புச் சங்கம் தொடங்கியபோது அதன் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். டெலவேர் எல்லை கென்னட்டிலிருந்து கூப்பிடு தூரம், தாண்டினால் அடிமை மாநிலம். அங்கே வில்மிங்டனில் தாமஸ் காரட் என்ற இரும்பு வியாபாரி, அவரும் குவேக்கர், தப்பி வருகிறவர்களை இரவில் இந்தப் பக்கம் அனுப்புவார். கென்னட் வீடுகளில் சாப்பாடு போட்டு ஒளித்து வைத்து அடுத்த வீட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். இந்தச் சங்கிலியைத்தான் நிலத்தடி ரயில்பாதை என்றார்கள், ரயிலும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. டாக்டருக்கு இதில் ஒரு வசதி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். நடுராத்திரி டாக்டர் வண்டி போனால் யாருக்கோ பிரசவம் என்றுதானே ஊர் நினைக்கும்?

இவ்வளவையும் யாரும் சுலபமாகத் தெரிந்துகொள்ளலாம். நான் உறவுமுறையைப் பிடித்துக்கொண்டு போனேன், அங்கேதான் கதை திரும்பியது. டாக்டருக்குப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா, எஸ்தர், 1782-ல் பிறந்தவர். லூயிஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, 1824-ல் கணவர் இறந்துபோக, கிம்பர்ட்டன் அருகே பண்ணையையும் பெண் பிள்ளைகளையும் தனியாகக் கட்டிக் காத்தவர். அந்த வீடும் தப்பி வருகிறவர்களுக்கு ஒரு நிறுத்தம். வருகிறவர்கள் மாற்றிக்கொள்ள அங்கே துணி தைத்து வைத்திருப்பார்கள். எஸ்தருடைய மகள்களில் கிரேஸ்அன்னா பறவை ஆராய்ச்சியாளர் ஆனார், 1870-ல் பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக எடுத்துக்கொண்டது. அவர் முதலில் வாத்தியார் வேலை பார்த்தது எங்கே தெரியுமா, 1842-ல் யார்க் என்கிற ஊரில் தாய்மாமா நடத்திய பள்ளிக்கூடத்தில். தாய்மாமா என்றால் நம் டாக்டர்தான். அக்கா மகளுக்குத் தாய்மாமன் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷம்.

இன்னொரு மகள் ரெபெக்கா. அவரைக் கட்டியவர் எட்வின் ஃபஸல், டாக்டரின் அண்ணன் தம்பி வழி மகன். ஃபஸல், லூயிஸ் இரண்டு குடும்பத்துத் தகவலையும் தாளில் கட்டம் போட்டு இணைத்தபோது சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். எட்வினுக்கு எஸ்தர் அத்தை. அப்படியென்றால் ரெபெக்கா அத்தை மகள். குவேக்கர் ஒழுங்குப்படி உடன்பிறந்தார் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்ளவே கூடாது, ஆனால் எங்கள் ஊர்க் கணக்குப்படி இதைவிட முறையான சம்பந்தம் கிடையாது. அம்மாவுக்கு போனில் சொன்னேன். "முறைப் பொண்ணத்தான கட்டியிருக்கான், அதுல உனக்கு என்னடி சிரிப்பு?" என்றார். நூலகத்து அம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் நெளிந்தார்.

எட்வினும் டாக்டர். கொஞ்ச காலம் இந்தியானாவில் பெண்டில்டன் என்ற ஊரில் இந்தத் தம்பதி இருந்தார்கள். 1843 செப்டம்பரில், அடிமையாக இருந்து தப்பி வந்து அடிமை முறைக்கு எதிராகப் பேசிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் அங்கே பேச வந்தபோது கும்பல் புகுந்து அடித்து அவர் கையை உடைத்தது, அந்தக் கை பிறகு முழுதாகச் சரியாகவே இல்லை. பாடப் புத்தகத்து ஆள் என்று நினைத்திருந்த டக்ளஸ், என் கட்டத்தாளின் ஓரத்தில் வந்து நின்றது அன்றைக்குத்தான்.

அக்கா எஸ்தர் 1848-ல் இறந்தார். அதற்கு முன்பே டாக்டருக்கு ஒரு எண்ணம் உறுதிப்பட்டிருந்தது: இவ்வளவு கெட்டிக்காரியான தன் அக்கா ஆணாகப் பிறந்திருந்தால் பெரிய வைத்தியராகியிருப்பார், பெண்கள் வைத்தியம் படிக்க ஒரு கல்லூரி வேண்டும். 1846-ல் கென்னட் வீட்டுக்குச் சில டாக்டர்களை அழைத்து இதைப் பேசினார். 1850-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி பிறந்தது. 1851 டிசம்பர் கடைசியில் முதல் எட்டுப் பெண்கள் பட்டம் வாங்கினார்கள். அதில் ஒருவர் ஆன் பிரெஸ்டன், செஸ்டர் கவுண்டிக் குவேக்கர் பெண், 1866-ல் அதன் முதல் பெண் முதல்வரானார். இந்தியாவிலிருந்து வந்த ஆனந்திபாய் ஜோஷி 1886-ல் பட்டம் வாங்கியது இந்தக் கல்லூரியில்தான். குண்டூருக்கு வைத்தியம் பார்க்கப் போன அன்னா குக்லர் இங்கே படித்தவர். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரும் இங்கே சேர்ந்து படித்துவிட்டுத்தான் கார்னெலுக்கு மாறினார். நான் பிறக்கும்போது சிக்கலாகி, எங்கள் அம்மாவை வேலூருக்குத்தான் கொண்டு போனார்கள். இந்தக் காளான் நாற்ற ஊரிலிருந்து வேலூருக்கு ஒரு கோடு இழுக்கலாம் என்று யார் நினைத்தது.

இப்போது நானும் வாரத்தில் ஒரு நாள் நூலகத்தில் அந்த உதவி மேசையில் உட்கார்கிறேன். கார் ஓட்டப் பழகிவிட்டேன், கென்னட்டுக்கு நானே போய்வருகிறேன். 1855-ல் கட்டிய லாங்வுட் கூட்ட இல்லம் இன்று சுற்றுலாத் தகவல் மையம், 1862 ஜூனில் லிங்கனிடம் போய் அடிமைகளை விடுவியுங்கள் என்று கேட்ட குழுவை அனுப்பியது அங்கே கூடிய சபைதான். உள்ளே போய் மேப் வாங்குகிறவர்கள் பாதிப்பேர் அதைக் கவனிப்பதில்லை.

நூலகத்து அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. எட்வின் அந்தப் பெண்கள் கல்லூரியில் முதல்வராக இருந்தபோது, 1864-ல் மேரி பட்னம் என்ற மாணவிக்குப் பட்டம் கொடுக்கக் கூடாது, விதித்த காலம் படிக்கவில்லை என்று எதிர்த்தார். அந்தப் பெண் மண்ணீரலைப் பற்றி லத்தீனில் ஆய்வுரை எழுதிக் கொடுத்தவர், பிறகு பாரிஸில் போய்ப் படித்தும் பட்டம் வாங்கியவர். மற்ற ஆசிரியர்கள் கொடுக்கலாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். விதி என்றால் எல்லாருக்கும் விதி, எட்வின் செய்தது சரிதான் என்பார் அந்த அம்மா. அத்தை மகளைக் கட்டும்போது எந்த விதியைப் பார்த்தாராம் என்று நான் கேட்பேன். போன வாரம் இதிலேயே மூடும் நேரம் ஆகி, நூலகத்துப் பையன் வந்து விளக்கை அணைக்க வேண்டியதாயிற்று.