அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்

நேற்றிலிருந்து கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. கடையில் பால் பவுடர் டப்பாவை முந்தானைக்குள் வைத்த பெண் கையைக் கூப்பி நிற்கிறார், செல்போனை முகத்துக்கு நேரே நீட்டி, "புருஷன் பேரைச் சொல்லு" என்கிறது ஒரு குரல். டப்பாவைத் திருப்பி வாங்கியாச்சு. அப்புறமும் எதற்குக் கேமரா?

இதே கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் 1966இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதையில், முன்பின் தெரியாத ஒருவன் காரில் ஏற்றிச் சென்று மகளிடம் அத்துமீறியதைக் கேட்டு முதலில் அடித்த அம்மா, அக்கம்பக்கத்தாரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்து, அவள் தலையில் தண்ணீரை ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதே கதையை மாற்றி அவரே எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அந்த அம்மாவே கூப்பாடு போட, ஊருக்கே தெரிந்து, அண்ணன் துரத்திவிட, மகள் கங்காவின் வாழ்க்கை வேறாகிப்போகிறது. இரண்டிலும் நடந்தது ஒன்றுதான்! கங்கா தப்பே செய்யாதவள், இந்தப் பெண் எடுத்தது உண்மை, சரி, அதற்குப் போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, தண்டனைக்கு ஓர் அளவும் இருக்கிறது. ஃபார்வர்டுக்கு எது அளவு?

அனுப்பியவர்களில் என் நண்பர்களும் இருக்கிறீர்கள். தயவுசெய்து அழியுங்கள், அட்மின்களிடமும் இன்றைக்கே சொல்லுங்கள்.