ஒத்துக்கிட்டா முடிஞ்சிடுமா சார்?

மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வராந்தாவில் கேட்கப்படும் பல கேள்விகளுக்குப் பதில் சுலபம். "ஆயுள்னா 14 வருஷம்தானே?" இல்லை, ஆயுள் முழுக்க. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் வாங்கியவரை, தண்டனைக் குறைப்பு என்று சொல்லி 14 வருடம் முடியும் முன்னால் வெளியே விடக்கூடாது. அந்தக் கணக்குதான் ஊருக்குள் திரிந்துவிட்டது. "ஜெயில்ல பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாளாமே?" அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை. விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்கள் தண்டனையில் கழியும். ஃபைன் கட்டாததற்காக அனுபவிக்கும் சிறையில் கழியாது.

"ஒத்துக்கிட்டா ஃபைனோட முடிஞ்சிடுமா சார்?" என்பதற்குத்தான் இத்தனை வருட வக்கீல் தொழிலுக்குப் பிறகும் என்னிடம் நேரான பதில் இல்லை.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் லோடுமேன். மகனுக்கு 20 வயது. தெருச் சண்டை. பாரதிய நியாய சன்ஹிதா 296(பி), 115(2), 351(2): பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) பிரிவுகளேதான், 2024 ஜூலை 1 முதல் எண் மாறியிருக்கிறது. உச்ச தண்டனை முறையே 3 மாதம், ஒரு வருடம், 2 வருடம். அவர் மூன்றையும் கூட்டி "மூணேகால் வருஷம் சார்" என்று பயந்து வந்திருந்தார். ஒரே சம்பவத்துக்கான தண்டனைகளை ஒன்றாக அனுபவிக்கச் சொல்வதே வழக்கம் என்றேன். 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புவதானால், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் விட வழிசெய்யும் 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி அதற்கான காரணத்தை மாஜிஸ்ட்ரேட் எழுத வேண்டும் என்றும் சொன்னேன். அவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"உள்ள போக மாட்டான்ல?"

"பெரும்பாலும் ஃபைன்தான் அண்ணே. ஆனா தண்டனைன்னு தீர்ப்புல இருக்கும்."

"இருந்துட்டுப் போகுது சார்."

பையன் என்ன வேலைக்குப் போகப்போகிறான் என்று கேட்டேன். "எங்கூட லோடு ஏத்தத்தான்" என்றார் அப்பா. "போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிட்டு இருக்கேன் சார்" என்றான் பையன்.

அதன் பிறகு வழக்கை நடத்துவோம் என்று சொல்லியிருப்பார்கள் சில சீனியர்கள். நடத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா அப்பாவுக்கும் மகனுக்கும் கூலி போகும். வராமல் இருந்தால் பிடிவாரண்ட். 21 வயதுக் கணக்கு சம்பவ நாளை வைத்து அல்ல, குற்றவாளி என்று கோர்ட் தீர்மானிக்கும் நாளை வைத்து. இழுத்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். சாட்சி பிறழ்ந்து, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லி, விடுதலை கிடைத்தாலும், நம் காவலர் தேர்வு விதி 14(பி)-யின் விளக்கத்தில், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்.

சமாதானமாகப் போகலாமே என்றால், அடிபட்டவர் சம்மதித்தால் 115(2)-ஐயும் 351(2)-ஐயும் மாஜிஸ்ட்ரேட் முன்பே ராஜி செய்துகொள்ளலாம்; அது விடுதலைக்குச் சமம். 296(பி) ராஜியாகாத பிரிவு. அதை ரத்து செய்ய ஹைகோர்ட் போக வேண்டும். என்ன வார்த்தை சொல்லித் திட்டினான் என்றுகூட இல்லாமல் "அசிங்கமாகப் பேசி" என்று எழுதி இந்தப் பிரிவைச் சேர்த்துவிடும் பழக்கத்தால் எத்தனை வீடுகளில் சமாதானம் தடைபட்டிருக்கிறது!

ஆகவே, ஒப்புக்கொண்டு, நன்னடத்தைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் கண்டித்து விடும்படி மனு கொடுப்பது என்று முடிவானது. முன் தண்டனை இல்லாதவர், 2 வருடத்துக்கு மேற்படாத குற்றம் என்றால் அந்தப் பிரிவு பொருந்தும். அதன்படி விடப்பட்டால் 12-ஆம் பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பைத் தடுக்கும். தீர்ப்பையே அழித்துவிடாது. இருந்தாலும், இருந்த வழிகளில் அதுவே நல்ல வழி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அன்று நடந்தது இவ்வளவுதான். எந்தப் பிரிவும் 2 வருடத்தைத் தாண்டாததால் இது சம்மன் வழக்கு. தனியாகக் குற்றச்சாட்டு வனைவதில்லை. குற்றத்தின் சாராம்சத்தைப் படித்துவிட்டு நேராகக் கேள்விதான்.

"ஒப்புக்கொள்கிறாயா?"

"தப்புதாங்கம்மா. ஆனா அவருதான் மொதல்ல சட்டையப் புடிச்சாரு."

மாஜிஸ்ட்ரேட் பேனாவை நிறுத்தினார். எதிரி (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்) சொல்வதை முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே பதிய வேண்டும். 'ஆனா' வந்துவிட்டால் அது ஒப்புதலே அல்ல, தற்காப்பு என்னும் எதிர்வாதம். "அப்ப ஒத்துக்கலையா? யோசிச்சுச் சொல்லு" என்றார் அந்த அம்மா. அவசரப்படுத்தவில்லை. பின்வரிசையில் அப்பா தொண்டையைச் செருமினார். பையன் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒத்துக்கறேங்கம்மா" என்றான்.

அந்த இரண்டாவது பதில்தான் ரெக்கார்டில் ஏறியது. நான் வாய் திறந்திருந்தால் பதில் வக்கீலுடையதாகியிருக்கும். எதிரியிடம் கேட்கும் கேள்விக்கு எதிரிதான் பதில் சொல்ல வேண்டும். இதை உறுதியாகவே நம்புகிறேன். ஆனால் அந்த இரண்டாவது பதில் பையனுடையதா, அப்பாவுடையதா? முதல் பதில்தான் உண்மை என்றால், தற்காப்பு உரிமை அவனுக்கு உண்டு. அதை நிரூபிக்க இருந்த ஒரே சாட்சி புகார்தாரரின் சொந்தக்காரர் என்பதும் உண்மை.

3-ஆம் பிரிவு மனு ஏற்கப்படவில்லை, ஃபைன் விழுந்தது. ஒப்புக்கொண்ட வழக்கில், குற்றவாளி என்ற முடிவை எதிர்த்து அப்பீல் கிடையாது. தண்டனையின் அளவையும் சட்டப்படி அது சரியா என்பதையும் மட்டும் எதிர்க்கலாம், 30 நாளுக்குள், செஷன்ஸ் கோர்ட்டில். 3-ஆம் பிரிவை அங்கே மறுபடி கேட்க 11-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. போனில் சொன்னேன். "முடிஞ்சத எதுக்கு சார் தோண்டணும்" என்றார் அப்பா. அவர் கட்டியது கூலிப் பணம். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

கெடு தாண்டிப் பல மாதம் கழித்துப் பையன் தனியாக வந்தான், விண்ணப்பத்தோடு. குற்ற வழக்கு உண்டா என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். உண்டு என்று எழுது தம்பி, வழக்கு எண், பிரிவு, ஃபைன் தொகை, தீர்ப்புத் தேதி எல்லாம் போடு, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணை என்றேன். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் விளக்கினேன்: மறைப்பதே தனிக் காரணமாகி வேலையைப் பறிக்கலாம். உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. அது தேர்வு செய்பவரின் முடிவு.

"அப்பவே நடத்தியிருந்தா சார்?" என்றான். விதி 14(பி)-யைப் படித்துக் காட்டினேன். படித்துக் காட்டியது பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும்.