944 டர்போ: மோட்ரானிக் போய் புது ஈசியூ வருகிறது

ஜனவரி 4, 2025

வண்டி 1986 மாடல் போர்ஷே 944 டர்போ. 2479 சிசி, நாலு சிலிண்டர், எட்டு வால்வு, கேகேகே கே26 டர்போ, கம்ப்ரஷன் 8:1, கம்பெனிக் கணக்கில் 220 குதிரைசக்தி. எஞ்சினில் கை வைக்கப் போவதில்லை. அதை நடத்தும் பெட்டிகளை, அதாவது ஈசியூ என்னும் கணினிகளைத்தான் மாற்றுகிறோம்.

இந்த வண்டியில் பெட்டி இரண்டு. பெட்ரோலையும் இக்னிஷனையும் டிஎம்இ (பாஷின் மோட்ரானிக்) பார்த்துக்கொள்கிறது. நாக்கிங்கை (சிலிண்டருக்குள் கலவை தானாக வெடிக்கும் சத்தத்தை) கேட்டு, பொறி விடும் டைமிங்கைப் பின்னால் இழுப்பதும் பூஸ்ட்டை (டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தை) அடக்குவதும் கேஎல்ஆர் வேலை. கேஎல்ஆருக்குள்ளேயே பிரஷர் சென்சார் இருக்கிறது. அதற்காக மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் கேபினுக்குள் வருகிறது. புது ஈசியூவை டிஎம்இ-க்கு மட்டும் மாற்றாக நினைத்து மாட்டினால், கேஎல்ஆர் பார்த்துவந்த காவல் வேலைக்கு ஆளே இருக்காது. 100 மி.மீ. போர் உள்ள எஞ்சின் இது. நாக்கிங் வந்தால் முதலில் ஊதிக்கொள்வது ஹெட் கேஸ்கெட்.

மாற்றுவது ஏன்? முதல் காரணம் ஏர்ஃப்ளோ மீட்டர். காற்றின் வழியில் நிற்கும் அந்த மடல் காற்றை மறிக்கிறது. முழுக்கத் திறந்துவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு காற்று போனாலும் டிஎம்இ-க்குத் தெரியாது.

ஜனவரி 5

கழற்றும் முன் ஓடவிட்டு அளந்தது: பெட்ரோல் பிரஷர் (வேக்கம் ஹோஸைப் பிடுங்கினால் 2.5 பார்), ஐடிலில் மேனிஃபோல்டு வேக்கம், எண்ணெய் பிரஷர், நாலு சிலிண்டரின் கம்ப்ரஷன். பழைய நோயையும் புது ஒயரிங் தகராறையும் பிற்பாடு பிரித்துப் பார்க்க இந்த எண்கள் வேண்டும்.

பெட்ரோல் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றிவிட்டோம். இந்த வயதில் அவை விறைத்து வெடிக்கும். சூடான இடத்தில் கசிந்தால் தீதான். டிஎம்இ ரிலேயும் போகிறது. உள்ளே சால்டர் விரிசல் விட்டு, ஓடும் வண்டியை நடுரோட்டில் நிறுத்தும் பழக்கம் அதற்கு உண்டு. ஈசியூவுக்கு ஒன்று, பெட்ரோல் பம்புக்கு ஒன்று, தனித்தனி பியூஸோடு இரண்டு சாதாரண ரிலே போதும்.

ஜனவரி 18

கிராங்க் சிக்னல். இந்த மாற்றத்தில் பாதி வேலை இதுதான். மேப்பில் (ஈசியூவின் பெட்ரோல், டைமிங் அட்டவணையில்) தப்பு இருந்தால் வண்டி மோசமாக ஓடும். சிக்னலில் தப்பு இருந்தால் எந்த மேப்பாலும் சரிக்கட்ட முடியாது.

கம்பெனி ஏற்பாட்டில் பெல்ஹவுசிங் மேல் இரண்டு சென்சார் இருக்கிறது. ஒன்று ஃப்ளைவீலின் 132 ஸ்டார்ட்டர் பற்களை எண்ணும். இன்னொன்று ஃப்ளைவீலில் இருக்கும் ஒரே ஸ்க்ரூவைப் பார்த்து, சுற்றுக்கு ஒரு தரம் அடையாளம் சொல்லும். இரண்டும் ஒரே மாதிரி சென்சார், ஒரே மாதிரி கப்ளர். மாற்றிச் செருகினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சூட்டில் கப்ளர் பிளாஸ்டிக் பொடிப்பொடியாக உதிரும், 0.8 மி.மீ. கேப் வைக்கவோ கை நுழையாது.

132 பல்லை நேராகப் படிக்கும் ஈசியூக்கள் இருக்கின்றன. ஆனால் 6500 ஆர்பிஎம்மில் அது நொடிக்கு 14,300 துடிப்பு. அவை ஸ்டார்ட்டர் கடித்துத் தேய்ந்த பற்களின் துடிப்புகள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நாங்கள் முன்பக்கக் கிராங்க் புல்லியில் 60-2 வீல் மாட்டினோம். 60 பல்லுக்கான இடம், அதில் இரண்டு இல்லை. அதைப் படிப்பது பாஷ் விஆர் சென்சார் (காந்தமும் கம்பிச்சுருளும்).

சென்சார் பிராக்கெட் 6 மி.மீ. தகடு, எஞ்சின் பிளாக்கிலேயே போல்ட் போட்டது. பிராக்கெட் துடித்தால் டைமிங்கும் துடிக்கும். டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் வீல் கோட்டம் 0.1 மி.மீ.-க்குள். கேப் 0.8. முதல் சிலிண்டர் டிடிசி-யில் (பிஸ்டன் உச்சியில்) நிற்கும்போது, சென்சாரைத் தாண்டிப் போன காலி இடம் ஏறத்தாழ 90 டிகிரி முன்னால் இருக்கும்படி வீலைத் திருப்பி இறுக்கியாயிற்று. காலி இடத்தை டிடிசி அருகில் வைத்தால், ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரஷனில் கிராங்க் திணறும் அதே கணத்தில் ஈசியூ அடையாளம் தேடும். அதுதான் கெட்ட இடம்.

விஆர் சென்சாருக்குப் போலாரிட்டி முக்கியம். பல் நெருங்கும்போது வோல்ட்டேஜ் ஏறி, பல்லின் நடுவில் சட்டென்று பூஜ்யத்தைக் கடந்து இறங்க வேண்டும். இரண்டு ஒயரும் மாறியிருந்தால் ஸ்டார்ட் ஆகும், ஐடிலும் நிற்கும். ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நகரும், அல்லது 4000-க்கு மேல் சிங்க் (கிராங்க் எங்கே இருக்கிறது என்ற ஈசியூவின் கணக்கு) விட்டுப்போகும். ஆசிலோஸ்கோப்பில் ஒரு நிமிட வேலை, பார்த்தே தீர வேண்டும்.

ஜனவரி 25

ஒயரிங். பழைய 35 பின் கப்ளரை வெட்டி ஒட்டும் யோசனை வேண்டாம் என்று விட்டோம். நாற்பது வயது ஒயரின் இன்சுலேஷன் வளைத்தால் விரிகிறது. எஞ்சின் பக்கம் முழுக்கப் புதிது. சால்டர் இல்லை, கிரிம்ப் மட்டும். அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில்தான் ஒயர் ஒடியும்.

எர்த் விஷயத்தில் சமரசம் கிடையாது. ஈசியூவின் பவர் எர்த் எல்லாம் எஞ்சின் பிளாக்கில் ஒரே போல்ட்டில். சென்சார் எர்த் ஈசியூவுக்கு மட்டுமே திரும்பும், பாடியைத் தொடாது. காயில் எர்த் சிலிண்டர் ஹெட்டில். கிராங்க் சென்சாருக்கு ஷீல்டு ஒயர், ஷீல்டு ஈசியூ முனையில் மட்டும் எர்த். இரு முனையும் கட்டினால் ஷீல்டே மின்சாரம் ஓடும் பாதையாகிவிடும்.

பிப்ரவரி 1

சென்சார்கள். கூலண்ட் சென்சார் பாஷின் வழக்கமான என்டிசி (சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை): 20 டிகிரி செல்சியஸில் 2500 ஓம், 80-ல் 320 ஓம் சுமார். மென்பொருளில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்ததோடு விடாமல், வெந்நீரில் போட்டு மல்டிமீட்டரில் சரிபார்த்தோம்.

ஏர்ஃப்ளோ மீட்டர் இருந்த இடத்தில் நேர்க்குழாய். அதன் வேலைக்கு 3 பார் எம்ஏபி சென்சார் (மேனிஃபோல்டு பிரஷரை அளப்பது). ஒரே ரன்னரில் (ஒரு சிலிண்டருக்குப் போகும் குழாயில்) அல்லாமல் பிளீனத்தில் (எல்லாவற்றுக்கும் பொதுவான அறையில்) ஹோஸ் எடுக்க வேண்டும். ரன்னரில் எடுத்தால் அந்த சிலிண்டர் இழுக்கும்போதெல்லாம் எண் குதிக்கும்.

காற்று வெப்ப சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த வண்டியின் தனிக்குணம் தெரிகிறது. எக்ஸாஸ்ட் ஒரு பக்கம், டர்போ மறுபக்கம்: எக்ஸாஸ்ட் குழாய் எஞ்சினைக் கடந்து வந்து, இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே டர்போவைச் சேர்கிறது. வண்டியை நிறுத்திப் பத்து நிமிடத்தில் பிளீனம் கை வைக்க முடியாத சூடு. சென்சாரை அதில் திருகினால் அது உலோகத்தின் சூட்டைத்தான் சொல்லும். ஈசியூ காற்று லேசாகிவிட்டது என்று நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். சூடான ரீஸ்டார்ட்டில் திணறும். எனவே இன்டர்கூலரை விட்டு வெளிவரும் குழாயில், திறந்த முனை உள்ள வேகமான சென்சார்.

எக்ஸாஸ்டில் ஆக்சிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் எல்எஸ்யூ 4.9, டர்போவுக்குப் பிறகு 70 செ.மீ. தள்ளி, கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரிக்கு மேல் சாய்வு. குழாயின் அடியில் வைத்தால் நீர் தேங்கி செராமிக் வெடிக்கும்.

பிப்ரவரி 8

இன்ஜெக்டர் கணக்கு. இலக்கு 300 குதிரைசக்தி. டர்போ எஞ்சினுக்குக் குதிரைசக்திக்கு மணிக்கு 270 கிராம் என்று வைத்தால் மொத்தம் 81 கிலோ, சிலிண்டருக்கு 20 கிலோவுக்குச் சற்று மேல், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 455 சிசி. 80 சதவீதத்துக்கு மேல் திறக்க விடக்கூடாது என்பதால் 570. வாங்கியது 630 சிசி இவி14, 12 ஓம். பழைய இன்ஜெக்டர் லோ இம்பிடன்ஸ். புதியதற்கு ரெசிஸ்டர் தேவையில்லை. 630 என்பது 3 பாரில் சொன்ன அளவு, ஆகவே ரெகுலேட்டரும் 3 பார்.

டெட் டைம் (மின்சாரம் வந்தபின் இன்ஜெக்டர் திறக்க ஆகும் நேரம்) அட்டவணையை இன்ஜெக்டர் விற்றவரிடமே கேட்டு வாங்குங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்ட்டேஜ் 10-க்கு இறங்கும், இன்ஜெக்டர் தாமதமாகத் திறக்கும். அந்த எண் தப்பானால் ஸ்டார்ட்டிங்கும் ஐடிலும் காலையில் ஒரு மாதிரி, ஹெட்லைட் போட்டதும் வேறு மாதிரி.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் ரோட்டரும் போயின. நாலு காயில், இப்போதைக்கு வேஸ்டட் ஸ்பார்க் (இரண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் பொறி): 1-4 ஜோடி, 2-3 ஜோடி. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பிளக் கேப் 0.7.

பிப்ரவரி 15

இன்ஜெக்டர் கப்ளர்களைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டர் சுற்றியதில், எண்ணெய் பிரஷர் வந்தது, ஆர்பிஎம் 200-ஐ ஒட்டி நிலையாக நின்றது, சிங்க் பிழை பூஜ்யம். ஆர்பிஎம் 0-க்கும் 900-க்கும் தாவினால் பெட்ரோலைத் தொடவே கூடாது, சென்சாருக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்து டைமிங். மென்பொருளில் 0 டிகிரி பூட்டு, பிளக்குகளைக் கழற்றி ஹெட்டில் எர்த் ஆகும்படி வைத்துச் சுற்றி, பெல்ஹவுசிங் துளை வழியே ஃப்ளைவீலின் ‘OT’ குறி (டிடிசி) மீது ஸ்ட்ரோப் விளக்கு. குறி நடுவில் நிற்கும் வரை ஆஃப்செட் திருத்தம். ஓடத் தொடங்கியதும் 12 டிகிரி பூட்டு. 60-2 வீலில் ஒரு பல் 6 டிகிரி, ஆகவே இரண்டு பல் நகர்வு. முன்னால் ஒரு முள் வைத்தால் எண்ணிவிடலாம். 4000 வரை ஏற்றியும் நகரவில்லை. டயல் உள்ள ஸ்ட்ரோப் விளக்கை வேஸ்டட் ஸ்பார்க்கில் நம்பாதீர்கள்: சுற்றுக்கு ஒரு பொறி வருவதால் டயல் இரட்டிப்பாகக் காட்டும். டயலை 0-வில் வைத்து வெறும் விளக்காகப் பயன்படுத்துங்கள்.

பிப்ரவரி 22

ஐடில் 900, லாம்டா 1.0 (காற்றும் பெட்ரோலும் சரியான விகிதம்; குறைந்தால் பெட்ரோல் அதிகம்), டைமிங் 14. மூன்று ஒயர் ஐடில் வால்வு பழையதே, 100 ஹெர்ட்ஸ். பூஸ்ட் இல்லாத பகுதியின் விஇ அட்டவணை (சிலிண்டர் எவ்வளவு காற்று நிரப்பிக்கொள்கிறது என்ற கணக்கு) முடிந்தது.

மார்ச் 8

பூஸ்ட்டுக்கு முன் காது. பாஷ் வைட்பேண்ட் நாக் சென்சார், பிளாக்கில் வாஷர் இல்லாமல், 20 நியூட்டன் மீட்டர். 100 மி.மீ. போருக்கு நாக்கிங் அதிர்வெண் 5.7 கிலோஹெர்ட்ஸ் சுமார் (1800-ஐப் பையாலும் போராலும் வகுக்க வருவது). அதில் எஞ்சின் சத்தம் கலந்தால் அடுத்தது 9.5. பற்றவைப்புக்குப் பின் 10 முதல் 60 டிகிரி வரை மட்டும் கேட்கச் சொல்லியிருக்கிறது. பூஸ்ட் இல்லாமல் ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் சாதாரணச் சத்தத்தைப் பதிந்து, அதற்கு மேல் வரம்பு.

வேஸ்ட்கேட் (டர்போவைச் சுற்றி எக்ஸாஸ்டை வெளியே விடும் வால்வு) ஸ்பிரிங் மட்டும் தரும் பூஸ்ட்டில்தான் தொடக்கம், டைமிங் 12, லாம்டா 0.78. பிறகு 200 கிலோபாஸ்கல் வரை படிப்படியாக, மூன்று வழி சொலினாய்டில். ஒவ்வொரு படியிலும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது கெட்ட பழக்கம் அல்ல.

எண்ணெய்க்கும் ஒரு காவல்: இந்த எஞ்சினின் இரண்டாம் சிலிண்டர் கனெக்டிங் ராட் பேரிங் நீண்ட வளைவில் எண்ணெய் இல்லாமல் தவிக்கும் என்பது தெரிந்த சங்கதி. 4000-க்கு மேல் பிரஷர் 2.5 பாருக்குக் கீழே 0.3 நொடி இருந்தால் ஈசியூ கட் செய்யும். லாம்டா பூஸ்ட்டில் 0.86-ஐத் தாண்டினாலும் கட்.

மார்ச் 15

டாக்கோமீட்டர் துள்ளியது. ஈசியூவின் டாக்கோ வெளியீடு எர்த்துக்கு மட்டும் இழுக்கும் வகை. 12 வோல்ட்டுக்கு 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டதும் முள் அடங்கியது. சுற்றுக்கு இரண்டு துடிப்பு.

குளிர் ஸ்டார்ட் அட்டவணை மிச்சம். அது ராத்திரி முழுக்க வெளியில் நின்ற வண்டியில், காலையில் ஒரு முறை மட்டுமே பார்க்க முடிகிற வேலை. ஒரு நாளைக்கு ஒரு கட்டம்தான் நிரம்பும்.