அப்ப எதுக்கு மிஸ் அவ்வளவு கேட்டீங்க?

மனச்சோர்வுள்ள பள்ளிப் பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, இரண்டு வகை உதவிகளை ஒப்பிடும் ஆய்வில் நான் நேர்காணல் எடுக்கிறேன். யாருக்கு எந்தப் பிரிவு என்பதை "கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணுது தம்பி" என்று ஒரு பையனிடம் நான் சொன்னதும், "நான் சொன்னதெல்லாம் அதுல போட்டீங்களா மிஸ்?" என்று கேட்டான். போடவில்லை. போடவும் கூடாது. பள்ளிக்கூடம், ஆணா பெண்ணா, ஓர் அடையாள எண்: அந்த மென்பொருளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சீட்டுக் குலுக்குற மாதிரி, யார் பேரு எதுல வரும்னு எனக்கே தெரியாது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் என் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எதுக்கு மிஸ் அவ்வளவு கேட்டீங்க?" என்றான். கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

பத்தாம் வகுப்புப் பையன். அவனே படித்தாலும் தன்னைத்தான் சொல்கிறேன் என்று தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 படிவத்துக்குப் பெரிய நேரம் ஆகாது. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருந்ததா என்று ஒன்பது கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. பத்தைத் தாண்டினால் எங்கள் ஆய்வில் சேரலாம். ரொம்ப அதிகமாக வந்தாலோ, ஒன்பதாவது கேள்விக்கு, அதாவது சாக நினைப்பதைப் பற்றிய கேள்விக்கு, ஆமாம் என்றாலோ ஆய்வும் கிடையாது, குலுக்கலும் கிடையாது. அன்றைக்கே பெற்றோரை வரவழைத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிடுவோம். இவன் நடுவில் இருந்தான். நேரம் பிடிப்பது அடுத்த பகுதிதான்: "இப்போ உன்னை ரொம்ப அழுத்துற விஷயம் மூணு சொல்லு." முதல் இரண்டையும் கடகடவென்று சொன்னான். மூன்றாவதற்கு வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான். யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னான். தட்டச்சு செய்துகொண்டேன். பொத்தானை அழுத்தினேன். புத்தகப் பிரிவு.

ஆலோசகரோடு உட்கார்ந்து பேசும் பிரிவு ஒன்று, சிக்கல்களைத் தானே சமாளிக்கச் சொல்லிக்கொடுக்கும் படக்கதைப் புத்தகம் மட்டும் தரும் பிரிவு ஒன்று. இரண்டையும் ஒப்பிடுவதுதான் ஆய்வு. இதெல்லாம் ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார். 12 வயதுக்கு மேல் என்றால் பிள்ளையின் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) விதி, அவனும் போட்டிருக்கிறான். நான் வாசித்துக் காட்டியபோது தலையாட்டினான். ஆகவே என் பக்கம் எதுவும் விட்டுப்போகவில்லை. இதைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அவன் கேட்டது வேறு. புத்தகம் என்று வந்ததும், "அப்ப எனக்கு அவ்வளவு மோசமில்லையா மிஸ்?" என்று கேட்டான். தன் பதில்களைப் படித்துப் பார்த்துத்தான் யாரோ இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். என்னோடு களத்துக்கு வரும் நண்பர், "ஆமாப்பான்னு சொல்லி விட்டிருக்கலாமே, பாதி உண்மைதானே" என்றார். பாதி உண்மைதான்; மோசமாக இருந்திருந்தால் மருத்துவமனைக்கு அனுப்பியிருப்போம். ஆனால் 'உனக்கு ஒன்றுமில்லை' என்று நம்பிக்கொண்டு போகிறவன் நாளைக்கு நிலைமை முற்றும்போது யாரையும் தேடி வர மாட்டான் என்று பதில் சொன்னேன். நல்ல பதில். அன்று சாயங்காலம் பேருந்தில் யோசித்துக் கண்டுபிடித்தது. அவன் எதிரில் இருந்தபோது குலுக்கல் என்பது தானாக வாயில் வந்துவிட்டது.

குலுக்கல் வேண்டாம், பார்த்தாலே தெரிகிறதே, யாருக்குத் தேவையோ அவருக்குக் கொடுத்துவிடலாம் என்கிறவர்களிடம் நான் எப்போதும் பராக்செட்டின் என்கிற மாத்திரையின் கதையைச் சொல்வேன். பதின்வயதினரின் மனச்சோர்வுக்கு அது நன்றாக வேலை செய்கிறது, பெரிய ஆபத்தில்லை என்று 2001இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. 275 பிள்ளைகள் கலந்துகொண்ட ஆய்வு. மருத்துவர்கள் நம்பி எழுதிக்கொடுத்தார்கள். அதே ஆய்வின் மூலத் தரவுகளை வேறொரு குழு எடுத்து மறுபடி அலசி 2015இல் பி.எம்.ஜே. என்கிற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டது: ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட எந்தப் பலனும் இல்லை, தற்கொலை எண்ணங்களும் முயற்சிகளும்தான் கூடுதல். முதல் கட்டுரையில் அவற்றில் பலவும் 'உணர்ச்சி ஊசலாட்டம்' என்கிற தலைப்புக்குள் ஒதுக்கப்பட்டிருந்தன. வெற்று மாத்திரைப் பிரிவு என்று ஒன்று இருந்ததால்தான், பிள்ளைகள் சொன்னது தனித்தனிப் பதிவேடுகளில் அப்படியே இருந்ததால்தான், பதினான்கு ஆண்டு கழித்தாவது அது வெளியே வந்தது. எதற்கு அவ்வளவு கேட்டீர்கள் என்றால், இதற்குத்தான். ஆனால் பதினைந்து வயதுப் பையனிடம் இதையா சொல்வது? சொன்னாலும் அவன் கேட்டதற்கு அது பதிலாகுமா?

"நீ சொன்னது வீணாப் போகாது" என்று மட்டும் சொன்னேன். பிறகு, ஆய்வு முடிந்ததும் புத்தகப் பிரிவில் இருப்பவர்களும் விரும்பினால் ஆலோசகரைப் பார்க்கலாம், மூன்று மாதம்தான் என்றேன். "அப்ப பப்ளிக் வந்துரும் மிஸ்" என்றான்.

பேச்சு சிகிச்சை உண்மையிலேயே உதவுமா என்று தெரியாத நிலையில்தானே ஆய்வே நடத்துகிறோம். அவனுக்குக் கிடைக்காமல் போனது நிச்சயமான ஒன்றல்ல. இப்படி நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எண்களும் துணைக்கு வருகின்றன. பதின்வயதினரின் மனச்சோர்வு பற்றி அமெரிக்காவில் நடந்து 2004இல் வந்த டாட்ஸ் (TADS) ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் தொட்டுப் பேசுவது: 12 முதல் 17 வயது வரை 439 பேர். பன்னிரண்டு வாரத்தில் ஃப்ளூக்ஸெட்டின் மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள். மாத்திரை மட்டும் என்றால் 61, பேச்சு மட்டும் என்றால் 43, வெற்று மாத்திரைக்கு 35. நாற்பத்து மூன்றுக்கும் முப்பத்தைந்துக்கும் உள்ள இடைவெளி புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை; தற்செயலாகவும் வந்திருக்கலாம். அதே ஆய்வில் முப்பத்தாறாவது வாரத்தில் பார்த்தால் பேச்சு மட்டும் கிடைத்தவர்கள் 81, மாத்திரைக்காரர்களும் 81. எங்கள் ஆய்வு மூன்று மாதத்தில் முடிகிறது. எப்போது பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடுகிறது என்றால், அந்த ஆறுதலை எவ்வளவு தூரம் நம்புவது?

டெல்லி அரசுப் பள்ளிகளில், மனநலத்துக்காக வேலை செய்யும் சங்கத் என்ற அமைப்பு எங்களைப் போலவே ஒரு பிரிவுக்குப் புத்தகத்தோடு ஆலோசகரையும், இன்னொன்றுக்குப் புத்தகத்தை மட்டும் கொடுத்து ஒப்பிட்டது. 251 மாணவர்கள், முடிவு 2020இல் வந்தது. மனச்சோர்வு மட்டுமல்ல, பொதுவாக மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைகள். ஆறு வாரத்தில் அறிகுறிகளின் அளவுகோலில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 'உன்னை அழுத்துறது என்ன' என்று பிள்ளைகளே சொன்ன பிரச்சினைகளை வைத்து அளந்தபோது ஆலோசகர் பிரிவு முன்னால் இருந்தது. என்னிடம் மூன்றாவதாகச் சொன்னானே, அந்த மாதிரிப் பிரச்சினைகளில்தான் வித்தியாசம் வந்திருக்கிறது. இதை எந்தப் பக்கம் சேர்த்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இங்கிலாந்தின் இம்பாக்ட் ஆய்வு இன்னும் சங்கடம். மனச்சோர்வுள்ள பதின்வயதினர் 465 பேருக்கு மூன்று வகையான பேச்சு சிகிச்சை. நீண்ட பயிற்சி தேவைப்படும் உளப்பகுப்பாய்வும் சரி, எளிய ஆலோசனையும் சரி, கிட்டத்தட்ட ஒரே பலன். அப்படியென்றால் முறையைவிட, ஒருவர் எதிரில் உட்கார்ந்து அக்கறையோடு கேட்பதுதான் வேலை செய்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். என் சந்தேகம் சரியென்றால், அந்தப் பையனுக்கு சிகிச்சை என் மேசையிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்து, மூன்றாவது விஷயம் வெளியே வந்த நிமிடத்தில் நிறுத்திவிட்டோம். எங்கள் கணக்கில் அந்த நேர்காணல் வெறும் அளவீடு. இரு பிரிவுக்கும் பொதுவானது, அதனால் கழித்துவிடலாம் என்கிறார் எங்கள் புள்ளியியலாளர். கணக்கு சரிதான். இரு பிரிவுக்கும் பொதுவாக இருப்பது கேள்விகள் மட்டுமே என்பதுதான் என் வாதம். ஆலோசகரிடம் போகிறவனுக்கு அது தொடக்கம். இவனுக்கு?

மூன்று மாதம் கழித்து அவனை அளந்தது நானில்லை. யார் எந்தப் பிரிவு என்று தெரியாத வேறொருவர்தான் அளக்க வேண்டும். தரவுகளைச் சரிபார்க்கும்போது அவனுடைய அடையாள எண் கண்ணில் பட்டது. ஸ்கோர் பத்துக்குக் கீழே வந்திருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. வெற்று மாத்திரையிலேயே மூன்றில் ஒருவர் தேறுகிறார் என்பதும், மோசமான கட்டத்தில் சேர்க்கிற யாருக்கும் எண் தானாகக் கொஞ்சம் இறங்கும் என்பதும் தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. பக்கத்துக் கட்டத்தில், ஆலோசகரைப் பார்க்க விருப்பமா என்பதற்கு 'வேண்டாம்' என்று இருந்தது. தேறிவிட்டதால் வேண்டாமா, பரீட்சை நேரம் என்பதாலா, இன்னொரு முறை முதலிலிருந்து சொல்ல மனமில்லையா? அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை.

குலுக்கலைப் பற்றிய பகுதியைக் கேள்விகளுக்கெல்லாம் முன்னால், தனியாக, படம் போட்டுச் சொல்லலாம் என்று கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். யாரும் பதிலைப் படித்து முடிவெடுக்கப் போவதில்லை என்பது தெரிந்த பிறகு என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்று பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். எங்கள் சீனியர் மேடம் பொறுமையாகக் கேட்டார். "அப்படிச் சொன்னா மூணாவது விஷயத்தைச் சொல்லவே மாட்டாங்கம்மா. பாதியில வரிசையை மாத்தினா முன்னாடி எடுத்ததோட ஒப்பிடவும் முடியாது" என்றார். இரண்டுமே சரி. முதலாவது சரி என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

அடுத்த ஆய்வில் பார்க்கலாம் என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டோம். இந்த ஆய்வில் இன்னும் சில பள்ளிகள் பாக்கி. பழைய வரிசையில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.